இடது பெடல்

டில்லி கோட்லா சந்தையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர், நீர் வரைந்த பென்சில் படத்தை மேஜைமேல் விரித்து, சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் பசை டப்பாக்களை வைத்து, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரைப்போல வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அங்கிள், யே சிலாயீ மஷீன் ஹை க்யா?" என்று கேட்டார். தையல் மெஷினா என்று.

இல்லை, வாத்தியம் என்றேன். "பாஜா? பைர் சே?" காலால் வாசிப்பதா என்று கேட்டுவிட்டு என் கால்களைப் பார்த்தார். என் கால்களைப் பார்த்தால் யாருக்கும் சங்கீதம் நினைவுக்கு வராது. பேச்சை அத்தோடு விட்டுவிட்டு, பொன்னிறத்தில் கொடி வேலைப்பாடு செய்த சட்டம் ஒன்றை எடுத்துக் காட்டினார். சாமி படங்களுக்கென்று தயாராக வைத்திருப்பது. வேண்டாம், மெல்லிசாகக் கறுப்பு போதும் என்றேன். கறுப்பு இறந்தவர்களுக்கு அல்லவா என்றார். "ஹாங்", ஆமாம் என்றேன். அதன்பிறகு அவர் படத்தைத் தொட்ட விதமே மாறிவிட்டது. ஒரு தையல் மெஷினுக்காக இவ்வளவு துக்கப்படும் மதராசியை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார்.

கண்ணாடி வைப்பதற்கு முன்பு காகிதத்தின்மேல் இருந்த தூசியை ஊத அவர் குனிந்தபோது நான் கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஊதப்போனது தூசி அல்ல, உமது பென்சில் தூள். படத்தின் கீழ்ப்பகுதியில் நீர் போட்டிருந்த நிழலில் அது இன்னமும் காகிதத்தோடு முழுக்க ஒட்டாமல் இருந்தது. நானும் குனிந்து பார்த்தேன். சீவிய பென்சிலின் மர வாசனை வந்தது. அல்லது வந்ததாக நினைத்துக்கொண்டேன். இந்த வயதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டுக்கு வந்தும் களைப்பு போகவில்லை. அன்றே உமக்கு எழுத நினைத்தேன், எல்லாம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். உமக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு. பத்திரிகையில் நான் எழுதிய பத்திகளில் ஒன்றைக்கூட நீர் உயிரோடிருந்தபோது படித்ததில்லை. "எழுதுறத எல்லாம் சாயங்காலம் என்கிட்ட பேசிருதீரே, அப்புறம் அத வேற எதுக்குவே படிக்கணும்?" என்பீர். ஆகவே இதையும் நீர் படிக்கப்போவதில்லை என்பதில் புதிதாக வருந்த ஒன்றுமில்லை.

கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் உமது வீடு கீழே, எனது வீடு மேலே. உமக்குத் தொல்பொருள் அலுவலகத்தில் வரைவாளர் வேலை. உடைந்த பானையையும் கைபோன சிலையையும் அளந்து காகிதத்தில் ஏற்றுவது. எனக்கு ஓர் அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. யாரும் படிக்காத ஆங்கிலத்தை யாரும் படிக்காத தமிழாக்குவது. நீர் நாசரேத்துக்குப் பக்கம், ஜெபத்தோடு எழுந்து ஜெபத்தோடு படுக்கிற வீடு. நான் கும்பகோணத்துக்குப் பக்கம், கோயிலுக்குப் போனால் பிரசாதத்தின் தரத்தைப் பற்றி மட்டும் அபிப்பிராயம் சொல்கிறவன். குடிவந்த அன்று மாடிப்படியில் என் பெட்டி படுக்கைகளைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருவே?" என்று கேட்டீர். சொன்னேன். அன்றிலிருந்து என் பெயர் உமக்குக் கும்மோணம். உமது ஊர் "நீர்" எனக்கும் ஒட்டிக்கொண்டது. என் வீட்டிலேயே சிரித்தார்கள்.

உமது மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். காலனி முழுவதும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படித்தான். ஞாபகமறதியில் சில சமயம் நீரும்.

உமது முன்னறையில் பாதியை அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கால் ஹார்மோனியம் என்பார்கள், ஆர்கன் என்பார்கள். உங்கள் வீட்டில் வெறும் பெட்டிதான். இடுப்பு உயரம், மேஜை போன்ற மர உடம்பு. மூடியைத் திறந்தால் மஞ்சளேறிய வெள்ளைக் கட்டைகள், இடையே கறுப்பு. அவற்றுக்கு மேலே இழுக்கிற குமிழ்கள். கீழே, தரையை ஒட்டி, மேல்துணி தேய்ந்துபோன இரண்டு பெடல்கள். பெடலை மிதித்தால் உள்ளே துருத்தி காற்றைப் பிடிக்கும். கட்டையை அழுத்தினால் அந்தக் காற்று குரலாகும். மிதிப்பது நின்றால் குரலும் நின்றுவிடும். வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, கப்பல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போக அலுத்து, ஆலயத்தில் உபதேசியாராக இருந்த உமது தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போனது. உங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆகவே அதன்மேல் மிகுந்த பக்தியோடு துணி மடித்து வைத்தார்கள். வாசிக்கத் தெரிந்த மருமகள் வந்ததும் ரயிலில் ஏற்றி டில்லிக்கு அனுப்பிவிட்டார்கள்.

"எனக்குப் பொண்ணு பாத்ததே பெட்டிக்காகத்தாம்வே" என்பீர். "மாப்பிள பெட்டிதான். நான் கூட வந்த ஆளு."

வார்டில் நின்று நின்று சிஸ்டரின் முழங்கால்கள் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. பெடல் மிதிக்க முடியாமல் போயிற்று. மற்றவர்கள் என்றால் வாசிப்பதை விட்டிருப்பார்கள். நீங்கள் இருவரும், ஓர் ஆளுக்காகச் செய்த வாத்தியத்தை இரண்டு பேராக வாசிக்க ஆரம்பித்தீர்கள். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்வார். நீர் அவருக்கு இடது பக்கத்தில் மோடாவை, அந்தப் பிரம்பு முக்காலியை, போட்டு உட்கார்ந்து, வலது காலை உள்ளே நீட்டி, இடது பெடலை மட்டும் மிதிப்பீர். மிதிக்கும்போது எங்கோ பார்த்துக்கொண்டிருப்பீர். பேருந்துக்குக் காத்திருப்பவர் முகம்.

சாயங்கால ஜெப நேரத்தில் என் வீட்டுத் தரை வழியாக எல்லாம் கேட்கும். முதலில் மோடாவின் முனகல். பிறகு பெடலின் கிறீச்சு. பிறகு பாட்டு. நடுவில் பாட்டை நிறுத்தாமலே சிஸ்டரின் குரல், "காத்து! காத்து எங்க?"

"வருது, வருது. கவர்ன்மெண்ட் காத்து. கொஞ்சம் லேட்டாத்தான் வரும்."

உமக்கு சுருதி ஞானம் அறவே கிடையாது என்பதை நீரே பெருமையாகச் சொல்லிக்கொள்வீர். பாட்டு அவள் டிபார்ட்மெண்ட், காற்று நம்ம டிபார்ட்மெண்ட். இரண்டு டிபார்ட்மெண்டுகள் ஒரே கோப்பில் அவ்வளவு காலம் சண்டையில்லாமல் வேலை பார்த்ததை நான் டில்லியில் வேறெங்கும் பார்க்கவில்லை.

பிறகு காலனியை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் கட்டப்போவதாக உத்தரவு வந்தது. உமக்கு சர்வீஸ் கொஞ்சம்தான் பாக்கி. இன்னொரு குவார்ட்டர்ஸுக்குப் போய் மறுபடி காலி செய்வானேன் என்று வாடகை வீடு பார்த்தீர். கிடைத்தது மூன்றாவது மாடி. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு பீரோவே மூச்சுத் திணறும். நீர் அளவுநாடாவோடு போய் அளந்துவிட்டு வந்து, நாடாவை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தீர். பெட்டி அங்கே திரும்பாது. அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் யாரும் "காத்து" என்று கத்தவில்லை. மாடியில் எனக்குப் பத்தி எழுத வரவில்லை.

பெட்டிக்கு இடம் தேடினீர். உங்கள் ஆலயத்தில் மின்சாரக் கீபோர்டு வாங்கிவிட்டார்கள். அதில் நூறு வாத்தியம் கேட்கும், யாரும் மிதிக்க வேண்டாம். பழைய மரச்சாமான் வாங்குபவர் ஒருவர் வந்து, தட்டிப் பார்த்து, அருமையான தேக்கு, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டால் பாட்டில்கள் வைக்கிற பார் செய்யலாம் என்றார். தாத்தா உபதேசியார் என்பதை அவருக்கு இந்தியில் விளக்க நீர் முயற்சி செய்யவில்லை. டீ கொடுத்து அனுப்பிவிட்டீர்.

கடைசியில் ஓர் அருங்காட்சியகத்தில், பழைய வீட்டுச் சாமான்களுக்கென்று ஒரு கூடம் திறக்கப்போவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தீர். பதில் வந்தது. பொருளின் அளவுப்படம், பென்சிலில், அங்கீகரிக்கப்பட்ட வரைவாளர் கையால் வரைந்து அனுப்பப்பட வேண்டும். விசாரித்ததில் அங்கீகரிக்கப்பட்ட வரைவாளர் நீர்தான். விண்ணப்பித்தவரும் நீர், வரைகிறவரும் நீர், வரைந்தது சரி என்று முதல் கையெழுத்துப் போடுகிறவரும் நீர். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீர் பென்சில்களைச் சீவ ஆரம்பித்தீர்.

பெட்டியை முன்வராந்தாவுக்கு இழுத்து வைத்து, மோடாவை எதிரே போட்டு, வாரக்கணக்கில் வரைந்தீர். உம்மைத் தாண்டி வீடுகள் நடந்துபோய்க்கொண்டிருந்தன. பீரோ, கட்டில், கூலர், துளசித் தொட்டி எல்லாம் டெம்போவில் ஏறின. பின்பக்க பிளாக்குகளை இடிக்கும் தூசி வந்தபோது, சிஸ்டரின் பழைய வெள்ளைச் சேலையைக் காகிதத்தின்மேல் போர்த்திவிட்டுக் காத்திருந்தீர். மின்வெட்டு நாளில் மெழுகு சொட்டிய கறையை வரைந்தீர். உமது மகள் பெனிட்டா குழந்தையாக இருந்தபோது ஆணியால் கிறுக்கிய கோட்டை வரைந்தீர். அதை மட்டும் விட்டுவிடலாமே என்று நான் சொன்னதற்குத்தான் இந்தப் பதில் வந்தது: "கண்ணு பாக்கதத்தான் கை போடணும்வே. மனசு நடுவுல வந்து உக்காந்தா படம் கெட்டுப்போவும்."

வெயில் வலது பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. படத்தில் நிழல் வலது பக்கம் விழுந்திருந்தது. கேட்டேன். எங்க ஆபீஸ் படத்துல வெளிச்சம் எப்பவும் இடது மேல்மூலையிலேந்துதான், அது ரூல் என்றீர். "சூரியனுக்கு சர்க்குலர் போயிருக்கா?" என்றேன். "நீரு மொழிபெயர்த்து அனுப்பும்" என்றீர்.

படம் போயிற்று. திரும்பியும் வந்தது. கூட ஒரு குறிப்பு. பொருள் ஓய்வு நிலையில் காட்டப்படவில்லை. இடது பெடல் அழுந்திய நிலையில் உள்ளது. அழுத்துபவர் படத்தில் இல்லை. திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்.

'அழுத்துபவர் படத்தில் இல்லை' என்ற வாக்கியம் எனக்குப் பல வருடங்களுக்குச் சோறு போட்டது. அதை வைத்து ஒரு பத்தி எழுதினேன். நண்பர்கள் கூடும் இடத்திலெல்லாம் குரலை மாற்றிச் சொல்லிக் காட்டினேன். பெடலின் வார் தளர்ந்து தாழ்ந்து கிடக்கிறது, உள்ளதை உள்ளபடி வரைந்த மனிதரைத் திருத்தச் சொல்கிறது கமிட்டி: என் கதை இதுதான். நல்ல கதை. குனிந்து பெடலைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அழிச்சுட்டு மேல தூக்கி வரைஞ்சா போச்சு. பத்து நிமிஷ வேலைதானே" என்றும் உம்மிடம் சொன்னேன்.

"சரியாத்தாம்வே இருக்கு" என்றீர். அழிரப்பரை எடுக்கவில்லை. படத்தைச் சுருட்டி, பீரோ மேல் வைத்துவிட்டீர். அருங்காட்சியக யோசனையும் அத்தோடு முடிந்தது. மூன்றாவது மாடியை விட்டுவிட்டு, டில்லியின் மேற்கு ஓரத்தில், துவாரகாவில் தரைத்தளத்தில் ஓதம் ஏறிய ஒரு வீட்டைப் பிடித்தீர். ஆலயம் தூரம், சந்தை தூரம், நான் தூரம். பெட்டி மட்டும் முன்னறையில். முதல் நாள் நான் வந்தபோது உள்ளேயிருந்து "காத்து எங்க?" என்று கேட்டது. வாசலிலேயே சற்று நின்றேன்.

கடைசி இரண்டு குளிர்காலங்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. டில்லியின் காற்று எல்லோருக்கும் பொது. உமக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. சிஸ்டர் குழாயைச் சரிசெய்து, எண்ணைப் பார்த்து, மெஷினைத் திருகுவார். "காத்து டிபார்ட்மெண்ட இவகிட்ட ஒப்படைச்சாச்சுவே" என்று நீர் மூச்சு வாங்கச் சொன்னீர். நான் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தேன். தை பிறப்பதற்குள் நீர் போய்விட்டீர். அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு பெட்டி மூடியே கிடந்தது. சிஸ்டர் தனியாக இருந்தார். இந்த மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்துவிட்டார். வேலைக்கு வரும் பெண் காலையில் வந்து பார்க்கும் வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. இனித் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெனிட்டா டில்லியை ஒட்டிய குர்காவுக்குத் தன்னோடு வரச் சொன்னாள். அங்கே பதினான்காவது மாடி, சுத்தமான வீடு, நாள் முழுக்க ஆள் உண்டு. லிஃப்ட் சின்னது. உமது மகள் உம்மைப்போலவே அளவுநாடா எடுத்து அளந்திருக்கிறாள். பெட்டி ஏறாது.

"பெட்டி வராத வீட்டுக்கு நான் வரல" என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்.

பெனிட்டா என்னிடம் வந்தாள். பாவம், ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"அங்கிள், ப்ளீஸ், நீங்க அம்மாவுக்கு ஜரா சமஜாயியே, எடுத்துச் சொல்லுங்க. என் பேச்ச கேக்கவே மாட்டேங்கறாங்க. மறுபடி விழுந்தா? நைட்ல எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

"பெட்டி?"

"டாடி போட்ட டிராயிங் இருக்கே அங்கிள். அத அச்சா சா ஃப்ரேம் பண்ணி மாட்டிடலாம். சேம் திங்தானே?"

சேம் திங் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்தேன். இந்த வயதில் எனக்குப் பிறரைத் திருத்துகிற ஆசை விட்டுப்போயிற்று. வாழ்நாளெல்லாம் ஊரைத் திருத்தி எழுதினேன். ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. சரி அம்மா, பேசிப் பார்க்கிறேன் என்றேன். ஃப்ரேம் போடும் வேலையையும் நானே வாங்கிக்கொண்டேன். வெறும் கையோடு போய் ஒருவரிடம் அவர் உயிரை விடச் சொல்ல முடியாதல்லவா.

ஞாயிறு சாயங்காலம் செய்தித்தாளில் சுற்றிய படத்தை அணைத்துக்கொண்டு துவாரகாவுக்குப் போனேன். மெட்ரோவில் எனக்கு இடம் கொடுத்தார்கள். படத்துக்கும் கொடுத்தார்கள்.

சிஸ்டர் இளைத்திருந்தார். கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, நான் உள்ளே வரும் நடையைப் பார்த்து, "வலது கால ஊனாம வாரீங்க அண்ணாச்சி. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார். நான் விசாரிக்க வந்தவன். விசாரணை என் பக்கம் திரும்பிவிட்டது. பெனிட்டா அடுக்களையிலிருந்து டீயோடு வந்து, "அம்மா, தேகோ, அங்கிள் என்ன கொண்டு வந்திருக்காங்க பாரு" என்றாள்.

செய்தித்தாளைப் பிரித்தேன். சிஸ்டர் படத்தை ஒருமுறை பார்த்தார். "கண்ணாடி போட்டு நல்லாத்தான் இருக்கு" என்று சுவரோரம் சாய்த்து வைக்கச் சொன்னார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வழியில் தயாரித்த பேச்சைத் தொடங்கினேன். உடம்புதான் முக்கியம், பொருள் எங்கே போய்விடும், பிள்ளையின் மனசையும் பார்க்க வேண்டும், இந்த மாதிரி. மொழிபெயர்ப்பில் இருந்த காலத்தில் நான் எழுதிய உரைகளை அமைச்சர்கள் இதைவிட நம்பிக்கையோடு படித்திருக்கிறார்கள்.

சிஸ்டர் முழுக்கக் கேட்டார். "அண்ணாச்சி, நீங்களும் இவ கட்சியா?"

"நான் எந்தக் கட்சியும் இல்ல சிஸ்டர். ரிட்டையர்டு கவர்ன்மெண்ட் சர்வென்ட்."

"அப்ப சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். டீயைக் குடித்தோம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார்: "ஒரே ஒரு தடவ வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன். அவுக போனதுலேந்து தொறக்கவே இல்ல. மிதிக்க ஆளில்ல."

"நான் மிதிக்கறேன்மா" என்றாள் பெனிட்டா.

"நீ வேண்டாம். நீ ஜிம்முல மிதிக்க மாதிரி மிதிப்ப. பெட்டி தாங்காது. அண்ணாச்சி உக்காரட்டும்."

உமது மோடாவை எடுத்து இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவ்வளவு தாழ்வாக நான் உட்கார்ந்து பல வருடமாயிற்று. வலது காலை உள்ளே நீட்டினேன். முதன்முறையாக அந்தப் பெடல்களைக் கிட்டத்தில் பார்த்தேன். இரண்டும் மேலே, சமமாக நின்றன. வார் தளரவே இல்லை. இடது பெடலை மிதித்தேன். கீழே போனது, காலை எடுத்ததும் உடனே மேலே வந்துவிட்டது. ஏதோ உறுத்தியது. அதை யோசிப்பதற்குள் சிஸ்டர் மூடியைத் திறந்துவிட்டார்.

பெட்டி முதலில் இருமியது. ஒரு கட்டை அழுந்தியபடியே நின்றது. சிஸ்டர் நகத்தால் அதைத் தூக்கிவிட்டார். பிறகு பாட்டு வந்தது. அவர் பாடவில்லை, வாசிக்க மட்டும் செய்தார். தரைக்கு மேலிருந்து நான் எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. என் மிதி சீராக இல்லை. ஒரு வரி உரக்கவும் ஒரு வரி ஈனஸ்வரத்திலுமாகப் போயிற்று. "காத்து" என்று அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அது எனக்கு என்னவோபோல் இருந்தது. திட்டுவதற்குக்கூட உரிமை வேண்டியிருக்கிறது.

கடைசி வரி வந்தது. கடைசி சுரத்தில் அவர் இரண்டு கைகளையும் அப்படியே வைத்திருந்தார். முடிந்துவிட்டது என்று நினைத்து நான் காலை எடுத்தேன். சத்தம் சரிந்து, ஒரு முனகலாகி, நின்றுபோனது. அவர் விரல்கள் கட்டைகளின்மேல் இருந்தன. அவற்றுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"ஏன் எடுத்தீங்க?"

"முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சேன்."

"நான் கைய எடுக்கலயே அண்ணாச்சி."

கோபம் இல்லை அந்தக் குரலில். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற குரல். கட்டைகளைப் பார்த்தபடியே சொன்னார்: "அவுக எடுக்க மாட்டாக. நான் கைய எடுத்து, மூடிய மூடி, எந்திரிச்சு போற வரைக்கும் கால் அங்கனயேதான் இருக்கும். பாட்டு தெரியாதுல்லா அவுகளுக்கு. எங்க முடியும்னு தெரியாது. அதனால எடுக்கதே இல்ல. இத்தன வருசத்துல அந்தப் பெடலு மேல எழும்பி நின்னு நான் பாத்ததே இல்ல."

சொல்லிக்கொண்டே சுவரோரம் சாய்த்திருந்த படத்தின் பக்கம் திரும்பினார். பெனிட்டா அதை எடுத்து வந்து அம்மாவின் மடியில் வைத்தாள். சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை மேலிருந்து கீழே கொண்டுபோனார். மெழுகுக் கறை. ஆணிக் கீறல். குமிழ்கள். விரல் இடது பெடலில் நின்றது.

"இந்தா இருக்குல்லா" என்றார்.

கமிட்டி சொன்னது சரி. இதை எழுதுவது எனக்குச் சிரமமாக இருக்கிறது. என் எழுத்து வாழ்க்கையில் எந்தக் கமிட்டியைப் பற்றியும் நான் இந்த வாக்கியத்தை எழுதியதில்லை. பெட்டி ஓய்வு நிலையில் இல்லை. பெடல் அழுந்தியிருக்கிறது. அழுத்துபவர் படத்தில் இல்லை. நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த அந்தக் குறிப்பை எழுதிய குமாஸ்தா, நானும் நீரும் சேர்ந்து பார்க்காததைப் பார்த்துவிட்டார்.

கண் பார்ப்பதைத்தான் கை போட வேண்டும் என்ற மனிதர், கண்ணெதிரே மேலே நின்ற பெடலைக் கீழே வரைந்தீர். தெரிந்து செய்தீரா என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டி கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமென்றே செய்த தவறு என்கிறாள் பெனிட்டா. அவளுக்கு அப்பா கொஞ்சம் தந்திரக்காரராக இருந்தால் பிடிக்கும். சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவுகளுக்கு அது தப்பாவே பட்டிருக்காது" என்றார். நான் இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டினேன்.

"இன்னொரு தடவை மிதிக்கட்டுமா சிஸ்டர்? இந்தத் தடவை காலை எடுக்க மாட்டேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. கேட்டாச்சு." மூடியை மூடினார். பெட்டியின் பக்கம் மறுபடி திரும்பவில்லை. படம் மடியிலேயே இருந்தது. பிறகு மகளிடம் கேட்டார்: "இத உன் வீட்டுல எங்க மாட்டப் போற?"

பெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் டீக்கோப்பைக்குள் பார்த்தேன்.

"ஹால்ல அம்மா. டிவிக்கு மேல."

"டிவிக்கு மேலயா? என் கட்டிலுக்கு நேர மாட்டு. இடது பக்கமா."

அவ்வளவுதான். என் பேச்சுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். பெனிட்டா அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள்.

பெட்டி ஒரு நர்ஸுகள் விடுதிக்குப் போயிற்று. அங்கே ஜெப அறை இருக்கிறது, தரைத்தளம். நாகர்கோவில் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் டெம்போவோடு வந்தார்கள். ஒருத்தி ஊரில் ஆலயத்தில் வாசித்துப் பழகியவள். நின்றபடியே மூடியைத் திறந்து, காலால் மிதித்து, நாலு சுரம் வாசித்துப் பார்த்துவிட்டாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தி வாசிக்கணும், ஒருத்தி பக்கத்துல உக்காந்து மிதிக்கணும்."

"ஒரு ஆளே செய்யலாம் ஆன்ட்டி. இப்பம் செஞ்சேன்லா?"

"செய்யலாம். செய்யாதீங்க."

அந்தப் பெண் மற்றவளைப் பார்த்தாள். சரி ஆன்ட்டி என்றார்கள் இருவரும். வார்டில் சீனியர் சிஸ்டர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் பழகியவர்கள். உமது மோடாவையும் சேர்த்து டெம்போவில் ஏற்றினேன். அது இல்லாமல் எப்படிப் பக்கத்தில் உட்காருவார்கள்?

சிஸ்டர் இப்போது குர்காவில் இருக்கிறார். அவ்வளவு உயரத்தில் காற்று நன்றாக இருக்கிறது என்று பெனிட்டா சொல்கிறாள். ஜன்னலைத் திறக்க முடிவதில்லை என்று சிஸ்டர் சொல்கிறார். சாயங்காலங்களில் எனக்கு ஃபோன் செய்கிறார். என் முழங்காலை விசாரிப்பார். பேத்திக்குத் தமிழில் அம்மா அப்பாவுக்கு மேல் வரவில்லை என்பார். நீர் சொன்ன ஏதாவது ஒன்றைச் சொல்வார். எல்லாம் எனக்குத் தெரிந்தவை, தெரியாததுபோலக் கேட்டுக்கொள்வேன். பிறகு, "சரி, வைக்கேன் அண்ணாச்சி" என்பார்.

முன்பெல்லாம் ஒருவர் "வைக்கிறேன்" என்றதும் வைத்துவிடுவது என் வழக்கம். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவன் என்று அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. இப்போது அப்படிச் செய்வதில்லை. வைக்கேன் என்று சொன்ன பிறகும் சில நாள் ஏதோ நினைவுக்கு வந்து பேசுகிறார். சில நாள் பேசுவதில்லை. அறையில் மின்விசிறி ஓடுவதும் அவர் மூச்சும் மட்டும் கேட்கும். எனக்குக் கை வலிக்கும், சோறு ஆறிக்கொண்டிருக்கும். காதிலிருந்து ஃபோனை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன். அவர் முதலில் வைக்கட்டும்.